தூளிக் கயிறு

“பிள்ளையை அடிச்சுட்டேன் சாமி.”

வந்தவள் கும்பிடக்கூட இல்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்றபடியே சொன்னாள்.

அவள் பெயர் ஆவுடைத்தங்கம். ஆற்றங்கரை மடத்துச் சாமியின் சிஷ்யை. செவ்வாய்தோறும் சாமி பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள். பிள்ளை பிறந்த பிறகும் வருவதை விடவில்லை. ஆனால் சாமி வாயைத் திறப்பதற்குள் அவள் கண் மூடிவிடும். மற்ற சிஷ்யர்கள் அதை நிஷ்டை என்று நினைத்துப் பொறாமைப்பட்டார்கள். அது தூக்கம் என்று சாமிக்குத் தெரியும்.

சாமிக்கு அவளைவிட வயது குறைவு. பிள்ளை குட்டி கிடையாது.

“எதுக்கு அடிச்சே தாயி?”

“அவனும் தூங்க மாட்டேங்குறான். என்னையும் தூங்க விட மாட்டேங்குறான்.”

கல்யாணமாகி வெகுகாலம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பெற்ற பிள்ளை. நயினார் என்று பெயர். ராத்திரி கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் வீறிட்டு எழுகிறான். ஆட்டினால் தூங்குகிறான். மறுபடி எழுகிறான். கையில் வசம்பு கட்டிப் பார்த்தாயிற்று. திருநீறு மந்திரித்துப் போட்டாயிற்று. கண்ணேறு என்று யாரோ சொல்ல, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாயிற்று. வீட்டில் எல்லோரும் இருமியதுதான் மிச்சம். வண்டியோட்டும் புருஷன் இப்போது தொழுவத்தில் படுத்துக்கொள்கிறான். மாடுகள் ராத்திரியில் அழுவதில்லை.

“இன்னிக்கு விடியக்காலம் திரும்பவும் அழுதான். கை ஓங்கினதே தெரியல. அடிச்ச பிறகுதான் தெரிஞ்சது. கன்னத்துல விரல் பதிஞ்சிருச்சு.” அந்தக் கன்னத்தைத் தடவினாள். “எனக்கு என்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு. இன்னிக்கு ராத்திரி என்ன பண்ணித் தொலைப்பேனோ.”

பிள்ளை கையை நீட்டிச் சாமியின் தாடியைப் பிடித்து இழுத்தான். சாமி விடுவித்துக்கொள்ளவில்லை.

“எப்படித் தூங்கப் போடுவே? செஞ்சு காட்டு.”

மடத்து மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் அவள் கொண்டுவந்திருந்த சேலையைக் கட்டித் தூளி போட்டாள். பிள்ளையை உள்ளே கிடத்தினாள். இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். பழஞ்சேலைக் கரையைக் கிழித்துத் திரித்தது. ஒரு முனையைத் தூளியில் கட்டினாள். மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள்.

“இது எதுக்கு?”

“அவன் அசைஞ்சா எனக்குத் தெரிய வேண்டாமா? படுத்துக்கிட்டே ஆட்டவும் செய்யலாம். கயிறு இல்லேன்னா பிள்ளை என்னை விட்டுப் போயிட்ட மாதிரி இருக்கும் சாமி.”

“சரி. படு.”

பிள்ளைக்கு முன்னால் அவள் தூங்கிப்போனாள். பிறகு பிள்ளையும் தூங்கினான்.

சாமி மரத்தடியில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஈ வந்து ஆவுடைத்தங்கத்தின் முழங்காலில் உட்கார்ந்தது. தூக்கத்திலேயே அவள் காலை உதறினாள். தூளி வெடுக்கென்று இழுபட்டது.

பிள்ளை வீறிட்டான்.

அவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

“பார்த்தீங்களா சாமி?”

“பார்த்தேன்.”

“இதே கூத்துதான் தினமும். பூர்வ ஜென்மத்துப் பகை ஏதோ பிள்ளையா வந்து பொறந்திருக்கு.”

சாமி கயிற்றைக் கேட்டார். தன் காலில் மாட்டிக்கொள்வதாகவும் அவள் நிம்மதியாகப் படுக்கலாம் என்றும் சொன்னார். அவள் பதறிப்போனாள். குருவின் காலில் தூளிக் கயிற்றைக் கட்டுவதாவது, எந்த நரகத்துக்குப் போவது என்றாள்.

“நரகம் எனக்கு இருக்கட்டும். தூக்கம் உனக்கு.”

மறுத்துப் பேசவும் அவளிடம் தெம்பு இல்லை. பிள்ளையை ஆட்டித் தூங்கவைத்தாள். சாமியின் கால் கட்டைவிரலில் கயிறு ஏறியதைக் கண்ணால் பார்த்தாள். அதன் பிறகுதான் தலையைச் சாய்த்தாள்.

கண் விழித்தபோது வெயில் அக்கரைக்குப் போயிருந்தது.

அழுகைச் சத்தம் இல்லை. அதுவே அவளைத் தூக்கிவாரிப் போட்டது. தூளிக்கு ஓடிப் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தாள். சூடாக மூச்சு வந்தது.

சாமி அதே இடத்தில் இருந்தார்.

“அழவே இல்லையா சாமி?”

“ரெண்டு தரம் முனகினான். ஒரு தரம் கண்ணைக்கூடத் திறந்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் மூடிக்கிட்டான்.”

“அப்படி எப்படி ஆட்டினீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சாமி காலை நீட்டினார். கட்டைவிரலில் கயிறு அப்படியே இருந்தது. அவள் குனிந்து அதைக் கையால் பற்றிக்கொண்டே போனாள். கயிறு மணலில் கிடந்தது. ஒரு வேரைத் தாண்டியது. உதிர்ந்த இலைகளுக்கு நடுவே முடிந்துபோனது.

தூளியில் எதுவும் கட்டியிருக்கவில்லை.

அந்த வெறும் முனையை அவள் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். கட்டைவிரலைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம் கறுத்துக் கிடந்தது.

“அப்ப, ராத்திரியெல்லாம் அவனை எழுப்பினது…”

தூளியை விலக்கிப் பார்த்தாள். பிள்ளையின் கன்னத்தில் விரல் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“மெதுவா அழு தாயி,” என்றார் சாமி. “பிள்ளை தூங்குது.”