மன்னர் அளக்கச் சொன்ன ஒழுக்கம்

முன்னொரு காலத்தில், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத மன்னர் ஒருவர் நாடாண்டார். பூசணிக்காயை நிறுப்பார், புலவர் பாட்டை முழம் போடுவார், காலையில் எழுந்ததும் தம் மீசைக்கே நூல் பிடிப்பார். அவர் பேர் வேண்டாம். வம்சத்தார் யாராவது இருந்தால் கோபித்துக்கொள்வார்கள்.

அவர் சபையில் சாத்தப்பன் என்றொரு விகடகவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. மன்னர் எப்போது பாராட்டினாலும், "எல்லாம் என் வாத்தியார் மருதவாணர் போட்ட சோறு" என்று கைகூப்புவான். அதைக் கேட்டால் அமைச்சர் திருமேனியாருக்கு வயிறு எரியும். அவரும் அதே பள்ளியில் சாத்தப்பனோடு ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவர்தான். அரண்மனைக்கு வந்ததும் அதை விழுங்கிவிட்டு, வடதேசத்துக் கலாசாலையில் படித்ததாகச் சொல்லிக்கொண்டார். சாத்தப்பன் ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்?

ஒருநாள் திருமேனியார் பற்றவைத்தார். "பெருமானே, மருதவாணர் பள்ளிக்கு ஆண்டுதோறும் அரண்மனை நெல் போகிறது. அங்கே பிள்ளைகள் வாசல் கூட்டுகிறார்கள், தண்ணீர் இறைக்கிறார்கள். கேட்டால் ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்கிறார்கள். அது எத்தனை படி இருக்கும் என்று எவராவது அளந்ததுண்டா?"

அளவு என்ற சொல் காதில் விழுந்தால் போதாதா! மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாத்தப்பா! உன் வாத்தியார் கற்பிக்கும் ஒழுக்கத்தை ஒரு பாத்திரத்தில் மூன்றாம் நாள் கொண்டுவந்து வை. விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையேல் பள்ளியை மூடிவிடுவோம்."

சாத்தப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத தன்னை மனிதனாக்கிய இடத்துக்குப் பூட்டு விழப் போகிறதே என்று மருகினான். மறுநாள் பள்ளிக்கே போனான். தாகமாக இருந்தது. வாசல் மண்குடத்தில் அடியில் கிடந்த தண்ணீரைக் குடித்தான். அடுத்த நிமிஷம் அவன் கை கிணற்றுக் கயிற்றைப் பிடித்திருந்தது. இறைத்து நிரப்பி, தட்டால் மூடி, மேலே குவளையைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் தான் செய்தது அவனுக்கே உறைத்தது. தீர்த்தவர் நிரப்பிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முதல் பாடம். "அட, முப்பது வருஷமாச்சே!" என்று சிரித்தான், கண் கலங்கிவிட்டது. வாத்தியாரிடம் அந்தக் குடத்தையே கேட்டு வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் நாள் குடம் சபை மண்டபத்து வாசலில், முற்றத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே இரண்டு குவளைத் தண்ணீர்தான்.

"இதுவா நிரம்பியிருக்கிறது?" என்றார் மன்னர்.

"உச்சிப்பொழுதில் அளந்தருள்க, மன்னா. அதுவரை தண்ணீர் இறைக்கும் ஏவலாளருக்கு ஓய்வு கொடுங்கள். காவலர் பார்த்துக்கொண்டிருக்கட்டும், வாய் திறக்க வேண்டாம். அமைச்சர் பெருமான் அந்தப் பள்ளி ஏன் கூடாது என்று விரிவாக எடுத்துரைக்கட்டும்."

திருமேனியாருக்குக் கரும்பு தின்னக் கூலியா? ஆரம்பித்துவிட்டார். பங்குனி வெயில் கொளுத்தியது. நடுவில் படைத்தலைவர் வெளியே போய் ஒரு குவளை குடித்து, குவளையைக் கீழே போட்டுவிட்டு வந்தார். இன்னும் ஒரு குவளைதான் பாக்கி. பேசிப் பேசித் திருமேனியாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இதோ வந்துவிட்டேன்" என்று எழுந்து போனார்.

அவர் குடித்துவிட்டு அப்படியே திரும்பினால் பள்ளி போயிற்று. சாத்தப்பன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சற்று நேரத்தில் முற்றத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. அவன் கண்ணை மூடி வாத்தியாரை நினைத்துக் கும்பிட்டான்.

ஈரக்கையை மேல்துண்டில் துடைத்தபடி திரும்பி வந்த திருமேனியார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "ஆகவே பெருமானே, அந்தப் பள்ளியால் எள்ளளவும் பயனில்லை!"

"குடத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மன்னா" என்றான் சாத்தப்பன்.

குடம் வந்தது. தட்டு மூடியிருந்தது, அதன்மேல் குவளை கவிழ்ந்திருந்தது. திறந்தால் விளிம்பு தளும்பத் தண்ணீர்!

"யார் நிரப்பியது?" என்று மன்னர் கேட்டார்.

காவலன் தலையைச் சொறிந்தான். "நம்ம அமைச்சரய்யாதானுங்க. கடைசிக் குவளையக் குடிச்சாரு, மளமளன்னு நாலு தரம் இறைச்சு ஊத்துனாரு. யாரும் ஏவலைங்க சாமி."

திருமேனியார் திகைத்தார். "அது... தண்ணி தீர்ந்துபோச்சு. தீர்த்தவங்கதானே நிரப்பணும்?"

"யார் சொன்னது?"

திருமேனியாருக்குக் கண் நிரம்பியது. "மருதவாணர் சொன்னார், பெருமானே. ஆறு வருஷம் எனக்குச் சோறு போட்டவர். அவர் பேரைச் சொல்ல வெட்கப்பட்டேன். நான் மறைத்தேன், என் கை மறைக்கவில்லை."

சாத்தப்பன் எழுந்து அவர் தோளில் கை வைத்தான். "மன்னா, தாங்கள் கேட்ட ஒழுக்கம் இதோ, விளிம்புவரை. கொண்டுவந்தது நான்; நிரப்பியது என் பாய்த்தோழர்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டு, பள்ளிக்கு நெல்லும் இரட்டிப்பாக்கினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"பள்ளிக் கிணற்றுக் கயிறு இற்றுவிட்டது, மன்னா. புதிதாக ஒன்று."

அந்தக் கயிற்றைத் திருமேனியாரே தோளில் சுமந்துகொண்டு போய், வாத்தியார் காலில் விழுந்தார்.

குடம் மட்டும் சபை வாசலிலேயே தங்கிவிட்டது. மறுநாள் கடைசிக் குவளையை மன்னர் குடித்தார். குடத்தை எட்டிப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கிரீடத்தைச் சாத்தப்பன் கையில் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.