மூன்றாம் மாடிக்கு ஏறிய பெட்டி

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற வேதமுத்துவுக்கு, அறுபதைத் தாண்டிய பிறகு ஸ்டீல் கிட்டார்மேல் ஆசை வந்தது. மடியில் கிடத்தி, கம்பிகள்மேல் உருக்குத் தண்டை வழுக்கவிட்டு வாசிக்கிற கிட்டார். அதைச் சொல்லிக்கொடுக்க ஊரில் கிளாடிஸ் டீச்சர் ஒருவர்தான் இருந்தார். டீச்சருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. வேதமுத்து குருவை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். டீச்சர் சீடரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டார். இருவருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

சில வருஷங்களில் வேதமுத்துவுக்குக் கை படிந்துவிட்டது. மாதா கோயிலில் வாசித்தார். கல்யாண வரவேற்புகளில் டீச்சரோடு உட்கார்ந்து வாசித்தார். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாய்த்தது. கப்பல்களில் வாசித்துத் திரிந்த ஒருவரிடம் வாங்கிய பழைய வால்வு ஆம்ப் அது. தூக்கினால் நெல் மூட்டை. ஆனால் அடிக்கம்பியைத் தட்டினால், ஒலி அறையைச் சுற்றிவிட்டு வந்து நெஞ்சுக்குள் உட்காரும்.

போன மழைக்காலத்தில் அதை ஆட்டோவில் ஏற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. படுக்கையிலிருந்து எழுந்து நடமாட வெகுநாள் ஆயிற்று. இனிமேல் கனம் தூக்கினால் நடமாட்டமே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கனமில்லாத ஆம்ப்களைத் தேடிப் பார்த்தார். ஒன்று தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி பேசியது. இன்னொன்றில் மேல்கம்பி ஊசியாகக் காதைக் குத்தியது. ஒன்றும் பிடிக்கவில்லை. வெளியே வாசிப்பதையே விட்டுவிட்டார். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெரிய ஆம்ப் பெட்டியில் தனக்குத்தானே வாசித்துக் கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மிக்கேலுக்குப் பக்கவாதம் வந்தது. மிக்கேல் அவரோடு ஒரே கிரேனில் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை பார்த்தவர். இப்போது மூன்றாம் மாடி வீட்டில் படுத்த படுக்கை. லிஃப்ட் கிடையாது. நீங்க வாசிக்கிறதைக் கேக்கணும்கிறார் என்று மிக்கேலின் மனைவி செலின் சொல்லியனுப்பினார். வேதமுத்து ஏதோ சாக்குச் சொன்னார். மறுபடியும் ஆள் வந்தது. மறுபடியும் ஒரு சாக்கு. மிக்கேல் முதன்முதலாகக் கேட்கிற தன் வாசிப்பு ஒரு தகர டப்பாவிலிருந்து வரக்கூடாது என்பது அவர் நினைப்பு.

மனசு கேட்காமல் ஒருநாள் டீச்சரிடம் போனார். டீச்சர் தன் கிட்டாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், கனம் குறைஞ்சாலும் நாதம் குறையாத ஆம்ப் எங்கயாவது உண்டா?"

"யாருக்கு வாசிக்கப் போறீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஆம்ப் வாங்குறவங்க முதல்ல அதத்தான அண்ணாச்சி யோசிக்கணும்?"

வேதமுத்து மிக்கேலைப் பற்றிச் சொன்னார். தான் சொன்ன சாக்குகளையும் சொன்னார். டீச்சர் கம்பியை முறுக்கி முடித்துவிட்டு, அவரைக் கடைக்குக் கூட்டிப்போனார்.

கடையில் டீச்சர் எந்த ஆம்பின் பெயரையும் பார்க்கவில்லை, எத்தனை வாட்ஸ் என்றும் விசாரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் மேசையிலிருந்து தரைக்கு இறக்கச் சொன்னார். அடிக்கம்பியைத் தட்டிவிட்டு அது அடங்குகிறவரை காத்திருந்தார். பிறகு மேல்கம்பியில் தண்டை மெதுவாக உச்சிவரை ஏற்றினார். அவ்வளவுதான் சோதனை. ஒற்றைக் கையில் தூக்குகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேதமுத்துவிடம் நீட்டினார்.

வேதமுத்து வாசித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா என் பொட்டி மாதிரி இல்ல" என்றார்.

டீச்சர் மறுக்கவில்லை. அந்தச் சின்ன ஆம்பைக் கடைக்காரரிடம் ஒரு நாளைக்கு இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதையும் பெரிய பெட்டியையும் கொண்டு மிக்கேல் வீட்டுக்குப் போவோம் என்றார்.

மறுநாள் மாலை ஆட்டோக்காரர் இரண்டு பெட்டிகளையும் மிக்கேல் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சின்னதைக் கீழே இருந்த தையல்கடையில் வைத்துவிட்டு, டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பெரிய பெட்டியின் கைப்பிடியைப் பற்றித் தூக்கினார்.

வேதமுத்து பதறிப்போனார். ஆள் பிடித்து வருகிறேன் என்றார். தையல்கடைக்காரர் ஓடிவந்து கைகொடுக்கப் பார்த்தார். டீச்சர் தலையசைத்துவிட்டார்.

"கேள்வி கேட்டது எங்கிட்ட. நான்தான பதில் சொல்லணும்?"

படிகள் குறுகலாக இருந்தன. டீச்சர் பெட்டியை ஒரு படியில் வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த படிக்கு ஏற்றினார். வேதமுத்து கிட்டாரை அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வாழ்நாளெல்லாம் டன் டன்னாகத் தூக்கி இறக்கியவர் அவர். கனம் இப்படி ஒரு உடம்பில் ஏறுவதை இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் டீச்சர் பெட்டியைச் சுவரோரமாக வைத்தார். அதற்கு மேல் முடியவில்லை. கொஞ்சமும் கூச்சப்படாமல் அதை அங்கேயே விட்டுவிட்டு மேலே போனார்.

செலின் தண்ணீர் கொண்டுவந்தார். டீச்சர் டம்ளரை வாங்கினார். தண்ணீர் தளும்பிச் சேலையில் சிந்தியது. வேதமுத்து அந்தக் கைகளைப் பார்த்தார். கம்பிமேல் மயிரிழை பிசகாத கைகள். இப்போது ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கின.

அவர் கீழே இறங்கிப் போனார். திரும்பி வரும்போது சின்ன ஆம்ப் அவர் கையில் காய்கறிப் பை மாதிரித் தொங்கியது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெரிய பெட்டி பாதி வழியை அடைத்து நின்றது. ஒதுங்கி, அதைத் தாண்டி வந்தார்.

டீச்சர் சொன்னபடி ஆம்பைத் தரையில், சுவர் மூலையோடு சேர்த்து வைத்தார். மேல்கம்பியின் கூர்மையை ஒரு திருகில் தணித்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். கனம் தூக்காத கை. தண்டு எண்ணெயில் போவதுபோல் போனது.

மிக்கேல் முகட்டைப் பார்த்துப் படுத்திருந்தார். முதல் பாட்டு முடிகிறவரை அசையவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில், நாதம் ஒரு இறக்கத்தில் இறங்கியபோது, அவருடைய நல்ல கை போர்வைமேல் மெல்லப் பின்னுக்கு வந்தது. சரக்கைத் தரையில் அலுங்காமல் வைக்கக் கிரேனின் லீவரை இழுக்கிற அதே இழுப்பு. வேதமுத்துவுக்கு அது புரிந்தது. அடுத்த இறக்கத்தை அந்தக் கையைப் பார்த்தே வாசித்தார்.

பாட்டு நின்றதும் மிக்கேல் வாயைக் கோணி, சிரமப்பட்டு ஒரு சொல் சொன்னார். செலின் அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்னொண்ணு என்று எல்லோருக்கும் கேட்டது.

வேதமுத்து இன்னொன்று வாசித்தார். அப்புறமும் வாசித்தார். செலின் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, டீச்சர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"டீச்சர், உண்மையச் சொல்லுங்க. அடிக்கம்பியில என் பொட்டி குடுக்குற நாதம் இதுல கொஞ்சம் குறையத்தான செய்யுது?"

"ஆமா. குறையுது."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

"அப்போ அந்த மிச்ச நாதம்?"

டீச்சர் தேநீரை ஒரு வாய் குடித்தார். இப்போது கை நடுங்கவில்லை.

"ரெண்டாம் மாடியில நிக்குது அண்ணாச்சி. போய்க் கேட்டுட்டு வாங்க. நாங்க இங்க இருக்கோம்."