மற்றும் பலரில் ஒருவர்

முத்தரசி பாளையங்கோட்டையில் கணினிக்கு எழுத்துரு வரைபவள். வயது முப்பத்தைந்து. அவளிடம் எழுத்துரு வரையப் படிக்க வந்த ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு, அவர்களுக்கு என்ன வந்தது!

அவர் வரைந்த முதல் எழுத்துருவுக்கு அப்படியொரு கம்பீரம். தடித்த கோடு கட்டைவிரல் பருமன், மெல்லிய கோடு தலைமுடி. முனைக்கு முனை சின்னதாக ஒரு குதிகால்.

"பழைய நாடக நோட்டீஸ்ல ராஜபார்ட் பேரு இப்படித்தான் இருக்கும், டீச்சர். எங்கப்பாவுக்குக் கட்டியம் சொல்ற வேஷம். அவரு பேரு ஒருநாளும் வந்ததில்ல. கடைசியில 'மற்றும் பலர்'னு ஒரு வரி இருக்கும்லா, அதுல விரலை வச்சு, இது நான்தாம்லேன்னு காட்டுவாரு."



அப்பாவின் முதலாண்டு நினைவு நாள் நெருங்கியது. ஊர்ச் சுவரில் ஒரு தடவையாவது அந்தப் பெயர் நிற்கவேண்டும் என்பது ஆவுடையப்பனின் ஆசை. சுவரொட்டிக்கு மாதிரி அடித்துக் கொண்டுவந்தார். பெயர், ஊர், நடித்த நாடகங்கள், தங்கமான குணம் எல்லாம் அதே எழுத்தில், ஒரே அளவில், பொடிப்பொடியாக.

முத்தரசி அதை வாசல் சுவரில் ஒட்டினாள். தெருவைத் தாண்டி டீக்கடைக்கு அவரைக் கூட்டிப்போனாள்.

"மாஸ்டர், அதுல யாரு பேரு போட்டிருக்கு?"

டீ மாஸ்டர் கண்ணை இடுக்கினார். "சொர... முதது. யாரு இது, வடநாட்டு ஆளா?"

ஆவுடையப்பன் முகம் செத்துப்போனது. அப்பா பெயரிலிருந்த 'ரி'யின் கொக்கியும் 'த்'தின் புள்ளியும் மெல்லிய கோடு. அந்த அளவில் அவை அச்சில் நிற்கவில்லை.

"மெல்லிசை எல்லாம் தடிப்பாக்கிருதேன், டீச்சர்."

"ஆக்குங்க. அப்புறம் அது வேற எழுத்து."

"அப்போ என்னதான் செய்ய?"

"உங்கப்பா மேடைக்கு வந்து என்ன சொல்லுவாரு?"

"ராசாதி ராசன் வாராரு, பராக்! அவ்ளோதான். கொட்டகையே கப்சிப்னு ஆயிரும். அவரு ஓரமா ஒதுங்கிருவாரு."

"ராசா கதை பூராவும் அவரே சொல்லமாட்டாராக்கும்?"

அவர் எழுந்து தெருவைத் தாண்டிக் கணினிக்குத் திரும்பினார். ஒவ்வொரு வரியாக அழித்தார். நாடகங்களை அழிக்குமுன் ஒருமுறை வாசித்துக்கொண்டார். கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சியது. அதைப் பெரிதாக்கினார், தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

அதை அடித்து வாசல் சுவரில் ஒட்டி முடிக்கவில்லை, எதிரிலிருந்து டீ மாஸ்டர் தானாகவே சத்தமாக வாசித்தார். "சொரிமுத்து!"

ஆவுடையப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே பயமும் பிடித்துக்கொண்டது.

"டீச்சர், வெறும் பேரு மட்டும் இருந்தா, அவரு எப்பேர்ப்பட்ட மனுசன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

"நின்னு வாசிக்கிறவங்க கேப்பாங்க, அண்ணாச்சி. நீங்க பக்கத்துல நில்லுங்க."