அண்ணாச்சியின் இரண்டு கைகள்

குளத்தைத் தூர்வாரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று அறிவித்து, ஆவுடையப்பன் அண்ணாச்சி பந்தலில் உட்கார்ந்து மூன்று நாள் ஆகிவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. சுகாதார நிலையத்தின் ஒப்பந்த நர்ஸ் ஜெபக்கனிக்கு ஆள் அனுப்பினார்.

"சர்க்கரை இறங்கிப்போச்சு, உயிருக்கு ஆபத்துன்னு மைக்கில சொல்லும்மா."

"பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணாச்சி."

அவர் வலது கையை நீட்டினார். ஸ்பிரிட் பஞ்சு எரியும் என்று தள்ளிவிட்டார். ஜெபக்கனி விரலில் குத்தி, காகிதப் பட்டையில் ரத்தத்தைத் தொட்டு, கருவியில் வந்த எண்ணை உரக்கப் படித்தாள். நானூற்று முப்பது.

நர்ஸ் வந்ததைப் பார்த்துக் கூடிய கூட்டம் குழம்பியது. பட்டினி கிடந்தால் சர்க்கரை ஏறுமா, இறங்குமா?

"இந்தத் துண்டுக் காகிதத்துக்கு என்ன தெரியும்? வேற போடு," என்றார் அண்ணாச்சி.

புதுப் பட்டையை எடுத்து இடது கையில் குத்தினாள். நூற்றுப் பத்து. இப்போது ஜெபக்கனிக்கே ஒன்றும் புரியவில்லை.

அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "ஒரே உடம்பு, ஒரே ரத்தம். ரெண்டு நம்பர் எப்படிம்மா வரும்? எது பொய்னு எல்லார் முன்னாலயும் சொல்லு. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

ஜெபக்கனி அவருடைய வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். விரலிடுக்கில் ஆரஞ்சு நிறப் பிசுக்கு. அதில் ஓர் எறும்பு. மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டுமே நிசந்தான் அண்ணாச்சி. இடது கையில இருக்கிறது உங்க ரத்தம். வலது கையில இருக்கிறது நீங்க சாப்பிட்ட ஜிலேபி. இடது கையால யாரும் சாப்பிடறதில்லையே."

அண்ணாச்சி வலது கையைத் துண்டுக்குள் மறைத்தார். எறும்பும் கூடவே உள்ளே போனது.