செர்ரிக்குக் கவாத்து

கொடைக்கானல் மலைச்சரிவில் ஓர் ஆசிரமம். அதை நடத்திய நாச்சியாரம்மாவுக்கு நாற்பது வயதுதான். அவரிடம் பாடம் கேட்க வந்திருந்த ஒச்சப்பனுக்கோ அறுபது. உசிலம்பட்டிப் பக்கம் ஆயுசு முழுக்க மல்லிகை பயிரிட்டவர்.

தோட்டத்தில் ஒரு செர்ரி மரம் நின்றது. பனிக்காலத்தில் பூக்கும் சாதி. கன்றாக வைத்து ஏழெட்டு வருடமாகியும் ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. "இந்த மார்கழியில பூத்துடும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் குழந்தை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா.

கார்த்திகையில் இலையெல்லாம் கொட்டி, மரம் வெறும் குச்சியாக நின்றது. அம்மா வத்தலக்குண்டுக்குப் போயிருந்த அன்று, ஒச்சப்பன் கத்தரியை எடுத்தார். மல்லிகையைக் கவாத்து செய்தால்தான் புதுத் துளிர் வரும்; துளிரில்தான் பூ வரும். அம்மாவின் ஆசை நிறைவேறட்டும் என்று ஒரு கிளை விடாமல் நறுக்கினார்.

குச்சிகளை அள்ளும்போதுதான் கண்ணில் பட்டது. கணுவுக்குக் கணு மிளகளவு மொட்டு. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். உள்ளே இளஞ்சிவப்பு இதழ். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் அம்மா திரும்பியபோது, அவர் பையும் போர்வையுமாக வாசலில் நின்றார்.

"எங்க அண்ணே, ஊருக்கா?"

அவர் தோட்டத்தைக் காட்டினார். அம்மா மரத்தைப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மல்லி மாதிரின்னு நினைச்சுட்டேம்மா. நிறையப் பூக்கட்டும்னுதான்..."

"சுத்தமா மொட்டையடிச்சிருக்கீங்க. பழனிக்கு நேந்துக்கிட்டீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பானையில தண்ணி கொண்டாங்க."

கொண்டுவந்தார். அம்மா மொட்டுள்ள குச்சிகளாகப் பொறுக்கிப் பானையில் நிறுத்தினார். அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைத்தார்.

"அடுப்புச் சூட்டுல கொஞ்சம் விரியும்."

"மரத்துல?"

"இந்த வருஷம் இல்ல. அடுத்த பனிக்குப் பார்க்கலாம். அதுவும் நிச்சயமில்ல."

ஒச்சப்பன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஒரு வார்த்தை திட்டிடுங்கம்மா. கடைசி பஸ்ஸுக்குப் போயிடுறேன். இனி உங்க முகத்துல முழிக்கிறது முறையில்ல."

அம்மா குனிந்து அடுப்பை ஊதினார். தீ பிடித்ததும் நிமிர்ந்தார்.

"அண்ணே, மரத்துக்கு என்ன வேணும்னு கேட்காம வெட்டினீங்க. இப்ப எனக்கு என்ன வேணும்னு கேட்காமக் கிளம்புறீங்களே."