கப்பித்தான் படத்துக்குக் கண் எழுதியது

“கண்ணு மட்டும் வரமாட்டேங்குது வாத்தியாரே!”

அரங்கப்பர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கு ஐம்பது வயது. வாத்தியார் கோதண்டத்துக்கு முப்பதுதான். காலம் போன காலத்தில் படம் எழுதக் கற்க வந்த மனுஷரை வாத்தியார் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்.

தரங்கம்பாடிக் கோட்டைக்குப் பக்கத்து வீடு அது. டென்மார்க்கு ராஜாவின் போர்க்கப்பல் கப்பித்தான் யென்சன் தம் வீட்டு நாற்காலியில் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்தால் அவருக்குக் கப்பல்.

அவர் பெண்டாட்டி ஞானப்பூ உள்ளூர்க்காரி, நிறைமாதம். கப்பலில் அவளுக்கு இடமில்லை. அவர் திரும்பி வருவாரா என்பதும் நிச்சயமில்லை. பிறக்கிற பிள்ளைக்கு ‘இதுதான் உங்கப்பா’ என்று காட்ட இந்தப் படம் ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது. நீலச் சட்டை, பொத்தான், இடுப்பு வாள் எல்லாம் அச்சு அசலாக இருந்தன.

ஆனால் காலையில் படத்தைப் பார்த்துவிட்டு ஞானப்பூ அழுதுவிட்டாள், பாவம்.

“இது கப்பல்காரங்களை அதட்டுற ஆளு. எம் புள்ளைக்கு அப்பனை எழுதிக் குடுங்கய்யா.”

அதிலிருந்து அரங்கப்பர் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறார்.

“கண் எழுதுறப்ப என்ன பண்ணினீங்க அண்ணே?” என்று கேட்டார், ஆள் அனுப்பி அப்போதுதான் வந்திருந்த வாத்தியார்.

“நீங்க சொல்லிக்குடுத்தபடிதான். சாமி படத்துக்குக் கண் திறக்கிற மாதிரி எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். முதல் பார்வை யார் மேலயும் படக்கூடாதில்லையா?”

“எல்லாரையும்னா?”

“அந்தப் பொண்ணைத்தான். வேற யாரு இருக்கா இங்க?”

“அட என் அண்ணே!”

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ஞானப்பூ வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“உள்ள வாம்மா. அண்ணனுக்குப் பின்னால நில்லு.”

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நின்றாள்.

“காலையிலேருந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கலையே நீங்க?” என்றாள் புருஷனிடம்.

கப்பித்தானுக்கு வீட்டுத் தமிழ் நன்றாகவே வரும்.

“நீ குடிச்சியா?” என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் அவளையே பார்த்தார். அந்த விறைப்பெல்லாம் எங்கே போச்சோ, தெரியவில்லை.

“இப்ப எழுதுங்க அண்ணே” என்றார் வாத்தியார்.

அரங்கப்பர் தூரிகையை எடுத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

“முடியலையே வாத்தியாரே. எனக்குக் கண்ணை மறைக்குது.”

“தொடைச்சிக்கிட்டு எழுதுங்க. அவரு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு.”