வளை வாயில் கிடந்த கிழங்கு

மலையடிவாரத்தில் வேலம்மை என்றொரு ஞானி இருந்தார். அவருடைய சீடர்களில் மருதப்பர் அவரைவிட வயதில் மூத்தவர். மனைவி பொன்னுத்தாய் இறந்த பிறகு, ஒரு மாசி மாதம் வந்து சேர்ந்தவர். வரும்போது மடியில் ஒரு காந்தள் கிழங்கை மட்டும் கொண்டுவந்தார்.

அது கல்யாணமான வருஷம் பொன்னுத்தாய் காட்டிலிருந்து எடுத்துவந்து வேலியோரம் ஊன்றியது. ஐப்பசி பிறந்தால் தீக்கொழுந்துபோல் பூக்கும். அன்றைக்கு அவள் வாசலில் நின்று கத்துவாள்.

"ஏங்க, வேலி தீப்பிடிச்சிருக்கு! ஓடியாங்க!"

ஒவ்வொரு வருஷமும் அவர் ஓடிப் போவார். ஒவ்வொரு வருஷமும் அவள் சிரிப்பாள்.

குடிசைக்கு முன்னால் கிழங்கை நட்டார் மருதப்பர். ஆடிச் சாரல் விழுந்தும் முளை வரவில்லை. நட்ட இடத்தில் ஒரு வெள்ளெலி வளை தோண்டியிருந்தது.

அவர் பானை நிறைய வைக்கோலும் மிளகாய் வற்றலும் அடைத்துக்கொண்டு வளையருகே உட்கார்ந்தார்.

"எலிக்கு விருந்தோ, மருதப்பரே?"

பின்னால் வேலம்மை நின்றிருந்தார்.

"புகை போடப் போறேன் அம்மா. அவ வச்சதைத் தின்னுட்டுது. கிழங்கும் எலியும் மண்ணுக்குள்ளதான் கிடக்கு. ஒண்ணு பூக்குது, ஒண்ணு திருடுது. இந்த எலியை எதுக்குப் படைச்சான்?"

"காந்தள் கிழங்கு நஞ்சாச்சே. எந்த எலி தின்னும்?"

மருதப்பர் வளைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கோடையெல்லாம் இங்கே குடம் குடமாத் தண்ணி ஊத்தினீரே, உம்ம வீட்டிலும் அப்படித்தானா?"

"இல்லை அம்மா. பூத்து ஓய்ஞ்சா கிட்டே போக விடமாட்டா. 'தூங்குது, விடுங்க'ம்பா."

"பிறகு ஏன் ஊத்தினீர்?"

மருதப்பர் உள்ளங்கைகளைப் பார்த்தபடி சொன்னார்:

"கை சும்மா இருக்க மாட்டேங்குது, அம்மா."

வேலம்மை குனிந்தார். தோண்டும்போது எலி வெளியே தள்ளிய மண், கூரையின் இறவாரத்துக்கு உள்ளே, நனையாமல் குவிந்திருந்தது. அதைக் கையால் கிளறினார். கலப்பைபோல் வளைந்த கிழங்கு அகப்பட்டது. ஒரு கொம்பு தண்ணீரில் ஊறி அழுகிக் கறுத்திருந்தது. மற்றது காய்ந்த மண்ணில் கெட்டியாக இருந்தது. அதன் நுனியில் நகக்கண் அளவு பச்சை.

மருதப்பர் பானையைத் தள்ளி வைத்தார். இரண்டு கையாலும் கிழங்கை வாங்கிக்கொண்டார்.

"இனி இதை எங்கே நடட்டும், அம்மா?"

"எலியைக் கேளும்."